கிரயம் முடிந்த வண்டிக்குக் குத்தகையா?

சேலம் அஸ்தம்பட்டியில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஏற்காட்டில் வேலை, தினமும் ஏறி இறங்க வேண்டும், பதினான்கு லட்சம் அளவில் ஒரு கார் பார்த்து வைத்திருக்கிறார். ஷோரூமில் "ஆப் வசதியெல்லாம் 3 வருஷம் ஃப்ரீ சார், அப்புறம் பிளான் போட்டுக்கணும்" என்றார்களாம். வெளிநாட்டில் சீட்டைச் சூடாக்கக்கூடச் சந்தா வாங்குகிறார்கள் என்று நண்பர் ஒருவர் சொல்ல, இவருக்குப் பயம் வந்துவிட்டது. "அண்ணா, வண்டிக்குள்ளயே இருக்கிற பொருளுக்கு நான் ஏன் மாசாமாசம் கட்டணும்? இது சட்டப்படி சரியா? நம்ம ஊர்ல யாராவது திறந்து தருவாங்களா? இந்த வண்டியை எடுக்கலாமா வேண்டாமா?" என்று நான்கு கேள்வி.

நான் கொண்டலாம்பட்டி பக்கம் இருபது வருஷத்துக்கு மேலாக வண்டி எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். முதலில் ரிலே, டைனமோ, செல்ஃப் மோட்டார் என்று இருந்தது, இப்போது பாதி நாள் ஸ்கேனரும் லேப்டாப்புமாகப் போகிறது. அதனால் இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், ஏனென்றால் சந்தா என்கிற ஒரே பெயரில் இரண்டு வேறு வேறு விஷயத்தைக் கலந்து விற்கிறார்கள், அதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் உங்கள் நான்கு கேள்விக்கும் பாதி பதில் கிடைத்துவிடும்.

போன வருஷம் ஒரு வாடிக்கையாளர் வண்டி கொண்டு வந்தார். சீட்டுக்கு அடியில் காற்று வருகிற வகை, நம் சேலத்து மே மாத வெயிலுக்கு அது ஒரு வரம். மலை ஏறும்போது மட்டும் காற்று விட்டு விட்டு நின்று போகிறது என்பது அவர் புகார். பேட்டரியைக் கழற்றிவிட்டுச் சீட்டைச் சாய்த்துப் பார்த்தேன். அடியில் மஞ்சள் கப்ளர் (வயர்களை இணைக்கிற பிளக்) ஒன்று இருக்கும், அது ஏர்பேக்குடையது, அதில் கை வைக்கவே கூடாது. அதற்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சின்ன ஃபேன், கம்ப்யூட்டருக்குள் இருக்குமே அது மாதிரி. அது இழுத்துத் தள்ளுகிற காற்று ஸ்பஞ்சில் இருக்கிற ஓட்டைகள் வழியாக மேலே வருகிறது. அவ்வளவுதான் அந்த வசதி. ஒரு ஃபேன், நான்கு வயர், டேஷ்போர்டில் ஒரு பட்டன். கப்ளரில் ஒரு பின் லூஸாக இருந்தது, வளைவில் சீட் அசையும்போது தொடர்பு விட்டுப் போயிருக்கிறது. பின்னை இறுக்கி மாட்டிவிட்டு, சரியாகிவிட்டதா என்று பார்க்க அவரையும் கூட்டிக்கொண்டு குப்பனூர் வழியாக மலை ஏறினோம்.

பாதி ஏறியதும் இரண்டு பேர் போனிலும் சிக்னல் போய்விட்டது. வண்டியை ஓரம் கட்டினோம். அவர் கீழே இறங்கி நின்று, போனில் இருக்கிற ஆப்பை வைத்து ஏசியைப் போட முயற்சி செய்தார். சுற்றிக்கொண்டே இருந்தது, கடைசியில் இணைக்க முடியவில்லை என்று வந்தது. வண்டி அவருக்கு நான்கு அடி தூரத்தில்தான் நிற்கிறது. ஆனால் சாவியில் இருக்கிற பட்டனை அமுக்கினால் டக்கென்று பூட்டியது, திறந்தது. உள்ளே சீட் ஃபேன் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. "ஏண்ணே, இவ்ளோ பக்கத்துல நிக்கிறேன், போன் வேலை செய்யல, சாவி வேலை செய்யுதே" என்று கேட்டார். உங்கள் கேள்விக்கு நான் வைத்திருக்கிற அளவுகோல் அந்த இடத்தில்தான் எனக்குக் கிடைத்தது.

ஆப்பில் ஏசியைப் போட்டால் என்ன நடக்கிறது என்றால், உங்கள் போன் நேராக வண்டியோடு பேசுவதில்லை. நீங்கள் அமுக்கியது போன் டவர் வழியாகக் கம்பெனியுடைய சர்வருக்குப் போகிறது, சர்வர் இது இன்னாருடைய வண்டிதான் என்று சரிபார்த்து, வண்டிக்குள் இருக்கிற சிம்முக்குச் செய்தி அனுப்புகிறது, அப்புறம்தான் வண்டி ஏசியைப் போடுகிறது. அந்த சிம்முக்கு மாதாமாதம் டேட்டா செலவு இருக்கிறது, சர்வருக்கு வாடகை இருக்கிறது, ராத்திரி பகலாக அதைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறார்கள். கம்பெனிக்கு உண்மையாகவே ஓடுகிற செலவு அது. அதற்கு வருஷத்துக்கு இவ்வளவு என்று வாங்கினால் நான் தப்புச் சொல்ல மாட்டேன். நம் நாட்டில் 2019-இல் ஹூண்டாய் வென்யூ, எம்ஜி ஹெக்டர் வந்ததில் இருந்து இந்த மாதிரி சிம் வைத்த வண்டிகள் பரவலாகிவிட்டன, முதல் சில வருஷம் இலவசம், அப்புறம் புதுப்பிக்க வேண்டும் என்பதுதான் பொதுவான வழக்கம். உங்கள் ஷோரூமில் சொன்ன 3 வருஷக் கணக்கும் இந்த வகைதான். வேண்டுமென்றால் கட்டலாம், வேண்டாமென்றால் விடலாம், வண்டி ஓடும்.

சீட் ஃபேன் அப்படி இல்லை. சிக்னலே இல்லாத மலை வளைவிலும் அது ஓடுகிறது என்றால், அதை ஓட்டுவது என் பேட்டரி, என் பெட்ரோல், நான் காசு கொடுத்து வாங்கிய ஃபேன். கம்பெனி அந்த நேரத்தில் எனக்காக ஒரு பைசா செலவு செய்யவில்லை. அப்படிப்பட்ட பொருளுக்கு மாதச் சந்தா கேட்டால் அது தோப்பை விற்றுக் கிரயப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு, சீசனுக்குச் சீசன் வந்து மாங்காய்க்குக் குத்தகைப் பணம் கேட்கிற கதைதான். குத்தகை தப்பில்லை, கிரயமும் தப்பில்லை. ஒரே தோப்புக்கு ஒரே ஆளிடம் இரண்டையும் வாங்குவதுதான் தப்பு.

வெளிநாட்டில் நடந்தது இதுதான். 2022-இல் பிஎம்டபிள்யூ கம்பெனி, பிரிட்டன், தென்கொரியா மாதிரி சில நாடுகளில், முன் சீட்டைச் சூடாக்குகிற வசதியைச் சந்தாவில் விற்றது. பிரிட்டனில் மாதம் 15 பவுண்டு, வருஷத்துக்கு 150, மூன்று வருஷத்துக்கு 250, ஒரேயடியாக என்றால் 350. சீட்டைச் சூடாக்குவது என்பது நம் வீட்டு அயர்ன்பாக்ஸ் தத்துவம், சீட்டுக்குள் ஒரு கம்பிச் சுருள், அதில் கரண்ட் போனால் சூடு. அந்தக் கம்பி தொழிற்சாலையிலேயே வைத்துத் தைக்கப்பட்டுவிட்டது, பூட்டு மட்டும் சாஃப்ட்வேரில். உலகம் முழுக்க ஜனங்கள் கோபப்பட்டார்கள். 2023 செப்டம்பரில் அந்தக் கம்பெனியே இதை நிறுத்திவிட்டதாகச் சொன்னது. வாடிக்கையாளர்கள் இரண்டு முறை பணம் கட்டுவதாக நினைக்கிறார்கள், உண்மையில் அப்படி இல்லை, ஆனாலும் அவர்கள் அப்படி நினைப்பதால் விட்டுவிட்டோம் என்பது அவர்கள் தரப்பு. எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. கம்பிச் சுருளைச் சும்மா வைத்துத் தைக்க எந்தக் கம்பெனியும் தர்மசாலை நடத்தவில்லை, அதன் அடக்கம் வண்டி விலையில் எங்கேயோ ஏறித்தான் இருக்கும்.

இன்னும் தெளிவான உதாரணம் டொயோட்டா. அமெரிக்காவில் அவர்களுடைய 2018-க்கு அப்புறம் வந்த சில மாடல்களில், சாவியில் இருக்கிற பட்டனை அமுக்கி தூரத்தில் இருந்தே என்ஜினை ஸ்டார்ட் செய்யலாம். போனில் இல்லை, சாவியில். சாவி வண்டியோடு நேராக ரேடியோவில் பேசுகிறது, இடையில் சர்வர் எதுவும் இல்லை. ஆனால் இலவசக் காலம் முடிந்ததும் மாதம் 8 டாலர் சந்தா இல்லையென்றால் சாவி பட்டனும் வேலை செய்யாது என்பது 2021 டிசம்பரில் வெளியே தெரிந்தது. மலையில் என் வாடிக்கையாளருக்குச் சிக்னல் இல்லாமலே சாவி வேலை செய்ததே, அதே ரேடியோ. அதற்குப் போய் மாதக் காசு.

அப்புறம் வேகத்துக்கே சந்தா வந்தது. மெர்சிடீஸ் 2022 கடைசியில் அமெரிக்காவில் தன் இக்யூஇ, இக்யூஎஸ் மின்கார்களுக்கு வருஷம் 1,200 டாலர் கட்டினால் இன்னும் வேகமாகப் பாயும் என்று அறிவித்தது, மணிக்கு 60 மைலை எட்டுகிற நேரம் கிட்டத்தட்ட ஒரு வினாடி குறையும். மோட்டார் அதேதான், பேட்டரி அதேதான். 2025-இல் ஃபோக்ஸ்வாகன் பிரிட்டனில் ஐடி.3 காருக்கு மாதம் 16.50 பவுண்டு, அல்லது ஒரேயடியாக 649 பவுண்டு என்று கூடுதல் குதிரைத்திறனை விற்க ஆரம்பித்தது.

கம்பெனிகள் ஏன் இப்படிச் செய்கின்றன என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் காரணம் முழுக்கப் பேராசை மட்டும் இல்லை. ஒரு காருக்குள் ஓடுகிற வயரிங்கை முழுசாகப் பிரித்து ஒர்க்‌ஷாப் தரையில் விரித்தால் பாய் விரித்த மாதிரி கிடக்கும், நூற்றுக்கணக்கான வயர், அத்தனை கப்ளர். பேஸ் மாடலுக்கு ஒன்று, மிடில் மாடலுக்கு ஒன்று, டாப் மாடலுக்கு ஒன்று என்று தனித்தனியாகச் செய்து, சரியான வண்டிக்குச் சரியானதைப் பொருத்துவதைவிட, எல்லாவற்றுக்கும் ஒரே வயரிங், ஒரே சீட், ஒரே மாட்யூல் (வசதிகளைக் கட்டுப்படுத்துகிற சின்னக் கம்ப்யூட்டர்) போட்டுவிட்டுச் சாஃப்ட்வேரில் திறந்து மூடுவது தொழிற்சாலைக்குச் சுலபம், சில சமயம் மலிவும்கூட. பேஸ் மாடல் வாங்கினவர்கள் டேஷ்போர்டில் டம்மி சுவிட்ச் பார்த்திருப்பீர்கள். பழைய வண்டியில் அதற்குப் பின்னால் வெறும் பிளாஸ்டிக்தான் இருக்கும். இப்போது சில வண்டிகளில் பின்னால் கப்ளர் வரைக்கும் வந்து நிற்கிறது, இன்னும் சிலவற்றில் பொருளே உட்கார்ந்திருக்கிறது.

இது கார்காரர்கள் கண்டுபிடித்த வித்தையும் இல்லை. 1990-இல் ஐபிஎம் ஒரு லேசர் பிரிண்டரை மலிவு விலையில் விட்டது, நிமிஷத்துக்கு 5 பக்கம். விலை கூடினது 10 பக்கம் அடிக்கும். இரண்டும் உள்ளே ஒன்றுதான், மலிவானதில் வேகத்தைக் குறைக்கவென்றே கூடுதலாக வேலை செய்திருந்தார்கள். 2010-இல் இன்டெல் ஒரு கம்ப்யூட்டர் சிப்பை விற்றது, கடையில் 50 டாலருக்கு அட்டை வாங்கி அதில் இருக்கிற எண்ணைப் போட்டால் சிப்பின் பூட்டிய பகுதி திறந்துகொள்ளும். ஆனால் இதில் எல்லாம் காசு ஒரு தடவைதான். மாதாமாதம் கை நீட்டவில்லை. எனக்கு இந்த வித்தியாசம் பெரியது. ஒரே தடவை கட்டித் திறந்து, அது வண்டியோடு நிரந்தரமாகப் போகும் என்றால், பிடிக்கவில்லை என்றாலும் அதை ஒரு வியாபாரமாக ஏற்றுக்கொள்வேன். பேஸ் மாடல் விலையில் வாங்கி, ஆறு மாசம் கழித்துக் கையில் காசு வந்ததும் ஒரு வசதியைத் திறந்துகொள்வதில் வாங்குகிறவனுக்கும் ஒரு லாபம் இருக்கிறது.

மாதச் சந்தாவுக்கு உண்மையான காரணம் பங்குச் சந்தைதான் என்பது என் கருத்து. கார் விற்றால் ஒரு தடவை லாபம். சந்தா விற்றால் வண்டி ஓடுகிற பத்துப் பதினைந்து வருஷமும் வருமானம். ஜெனரல் மோட்டார்ஸ் 2021-இல் முதலீட்டாளர்களிடம், இந்தப் பத்தாண்டின் முடிவில் சாஃப்ட்வேரிலும் சேவைகளிலும் வருஷத்துக்கு 2,000 முதல் 2,500 கோடி டாலர் வருமானம் பார்ப்போம் என்று சொன்னது. அதே வருஷம் ஜீப், ஃபியட் கார்களைச் செய்கிற ஸ்டெலான்டிஸ் 2,000 கோடி யூரோ என்றது. இந்தக் காசு எங்கேயோ ஆகாயத்தில் இருந்து வரப்போவதில்லை, வண்டி வாங்குகிறவர்கள் பாக்கெட்டில் இருந்துதான் வர வேண்டும். நம் ஊரில் முக்கால்வாசிப் பேர் ஐந்து வருஷம், ஏழு வருஷம் இஎம்ஐ போட்டு வண்டி எடுக்கிறோம். டியூ முடிந்தால் அப்பாடா என்று மூச்சு விடுவோம், அந்த நிம்மதியைத்தான் இது எடுத்துக்கொள்ளப் பார்க்கிறது.

பூட்டு யார் கையில் இருக்கிறது என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். 2017 செப்டம்பரில் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தை இர்மா புயல் நெருங்கியது, லட்சக்கணக்கான பேர் வண்டியை எடுத்துக்கொண்டு வடக்கே ஓடினார்கள். டெஸ்லா அப்போது சில கார்களில் 75 கிலோவாட் மணி பேட்டரியை வைத்துவிட்டு, அதில் ஒரு பகுதியைப் பூட்டிக் குறைந்த விலையில் விற்றிருந்தது. புயலுக்காக அந்தப் பூட்டைத் தற்காலிகமாகத் திறந்துவிட்டது. கூடுதலாகச் சுமார் 30 மைல் ஓடும். நல்ல மனசோடுதான் செய்தார்கள், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அத்தனை நாளும் அந்த வண்டிக்காரர்கள் தங்களால் பயன்படுத்த முடியாத பேட்டரியின் எடையையும் சேர்த்துத்தான் சுமந்து ஓட்டியிருக்கிறார்கள். எங்கேயோ உட்கார்ந்திருக்கிற ஒருவர் ஒரு வரி மாற்றினால் என் வண்டி கூடுதல் தூரம் ஓடும் என்றால், அதே ஆள் இன்னொரு வரி மாற்றினால் குறைவான தூரமும் ஓடும்தானே.

செகண்ட் ஹேண்ட் வண்டியில்தான் இது கடியாகக் கடிக்கும். அமெரிக்காவில் ஒருவர் பழைய டெஸ்லா ஒன்றை டீலரிடம் வாங்கினார், தானாக ஓட்ட உதவுகிற வசதிகள் இருப்பதாகச் சொல்லித்தான் விற்றார்கள். அப்புறம் பார்த்தால் கம்பெனி தூரத்தில் இருந்தே அவற்றை எடுத்துவிட்டது. 2020-இல் செய்தி வெளியாகி அதன்பின்தான் திருப்பிக் கொடுத்தார்கள். நம் ஊர்க் கதையும் ஒன்று இருக்கிறது. அம்மாபேட்டையில் ஒரு அக்கா நான்கு வருஷம் ஓடிய கார் வாங்கினார், கம்பெனி பெயர் வேண்டாம். ஆர்சி மாறிவிட்டது, இன்சூரன்ஸ் மாறிவிட்டது, ஆப்பில் மட்டும் வண்டி பழைய ஓனர் கணக்கிலேயே இருந்தது. அக்கா கணக்கில் சேர்க்க முயன்றால் இந்த சாஸி நம்பர் ஏற்கனவே பதிவாகியிருக்கிறது என்று வருகிறது. அதைவிடப் பயம் என்னவென்றால், வெளியூரில் இருக்கிற அந்தப் பழைய ஓனர் போனில் இந்த வண்டி எங்கே நிற்கிறது என்பது தெரிந்துகொண்டே இருந்தது. அந்த மனிதர் நல்லவர், அவரே கூப்பிட்டுச் சொன்னார். "உங்க வண்டி இப்ப உங்க வீட்டு வாசல்ல நிக்குதுங்க, எனக்குத் தெரியுது, சீக்கிரம் மாத்திக்கோங்க." சர்வீஸ் சென்டருக்கு மூன்று நடை நடந்து, ஆர்சி நகல் கொடுத்து மாற்ற வைத்தோம். பழைய வண்டி வாங்கும்போது டயர், கிளட்ச், கிலோமீட்டர் பார்க்கிற மாதிரி இதையும் பார்க்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

நம் நாட்டில் இது காருக்கு முன்னால் மின் ஸ்கூட்டரில் வந்தது. அதுவும் தொப்பூர் கணவாயையும் தர்மபுரியையும் தாண்டினால் வருகிற கிருஷ்ணகிரி மாவட்டம்தான், ஏதர் ஓசூரில் செய்கிறார்கள், ஓலா போச்சம்பள்ளியில். 2023-இல் ஏதர் 450எக்ஸ் வண்டியை புரோ பேக் இல்லாமல் ஒரு விலை, இருந்தால் ஒரு விலை என்று பிரித்தார்கள், முப்பதாயிரம் ரூபாய் அளவுக்கு வித்தியாசம். மேப், பல ஓட்டும் மோடுகள் எல்லாம் பேக் வாங்கினால்தான். வண்டி பார்க்க ஒன்றுதான், மோட்டார் ஒன்றுதான். இது ஒரே தடவை கட்டுகிற காசு என்பதால் எனக்குப் பெரிய மனஸ்தாபம் இல்லை. அதே வருஷம் இன்னொன்று நடந்தது, அது பலருக்கு மறந்துவிட்டது. மின் வண்டிகளுக்கு மத்திய அரசு கொடுத்த ஃபேம் 2 மானியம் வேண்டுமென்றால் ஸ்கூட்டரின் ஆலை விலை ஒன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. சில கம்பெனிகள் சார்ஜரையும் சாஃப்ட்வேரையும் தனிப் பில்லாகப் போட்டு, வண்டி விலையை அந்த வரம்புக்குள் காட்டின என்று மத்திய அரசு விசாரித்தது. கடைசியில் ஓலா, ஏதர், டிவிஎஸ், ஹீரோ நான்குமே வாடிக்கையாளர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க ஒப்புக்கொண்டன. என் கடைக்கு வருகிற இரண்டு மூன்று பேருக்குப் பணம் வந்ததை நான் பார்த்தேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், எதை வண்டி என்று சொல்வது, எதைத் தனிப் பொருள் என்று சொல்வது என்கிற கோட்டைக் கம்பெனி மட்டும் போட்டுவிட முடியாது, கேட்கிற ஆள் இருந்தால் அது நகரும்.

சந்தா என்றாலே நான் எதிரி என்றும் நினைக்க வேண்டாம். எம்ஜி விண்ட்சர் மின்கார் 2024 செப்டம்பரில் வந்தபோது வண்டி 9.99 லட்சம், பேட்டரிக்குக் கிலோமீட்டருக்கு 3.50 ரூபாய் வாடகை என்று ஒரு வழி வைத்தார்கள். அதில் பேட்டரியை உங்களுக்கு விற்கவே இல்லை, அதன் விலையை உங்களிடம் வாங்கவும் இல்லை, வாடகை என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். அது நேரான குத்தகை. கணக்குப் போட்டுக்கொள்வது நம் பொறுப்பு. உங்களை மாதிரி அஸ்தம்பட்டிக்கும் ஏற்காட்டுக்கும் தினமும் போய் வந்தால் நாளைக்கு 60 கிலோமீட்டர், மாதம் 25 நாள் என்றால் 1,500 கிலோமீட்டர், பேட்டரி வாடகை மட்டும் 5,250 ரூபாய், சார்ஜ் போடுகிற கரண்ட் தனி. உங்களுக்கு அது கட்டுப்படியாகாது என்பது என் எண்ணம்.

சட்டத்துக்கு வருகிறேன். வண்டிக்குள் இருக்கிற வசதிக்குச் சந்தா வாங்கக் கூடாது என்று நம் நாட்டில் நேரடியாக ஒரு சட்டம் கிடையாது. ஆனால் கையில் ஒன்றும் இல்லாமலும் இல்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 இருக்கிறது, விற்கும்போது ஒன்று சொல்லி அப்புறம் வேறொன்று செய்தால் அது முறையற்ற வணிக நடைமுறை. 2023 நவம்பர் 30-இல் மத்திய அரசு, ஆப்களும் இணையதளங்களும் வாடிக்கையாளரை ஏமாற்றிச் சிக்க வைக்கிற 13 தந்திரங்களைத் தடை செய்து விதிமுறை போட்டது. சேர்வது சுலபம், விலகுவது கஷ்டம் என்று செய்கிற சந்தாப் பொறியும், விலையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக் கடைசியில் காட்டுவதும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. தானாகப் பணம் பிடிப்பது பற்றி ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது, பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் உங்களுக்குத் தகவல் வர வேண்டும், 15,000 ரூபாய்க்கு மேல் என்றால் பொதுவாக ஒவ்வொரு தடவையும் ஓடிபி வேண்டும், நீங்கள் எப்போது வேண்டுமானாலும் அந்த அனுமதியை ரத்து செய்யலாம். தகராறு என்றால் முதலில் 1915 என்கிற நுகர்வோர் உதவி எண். அதிலும் முடியவில்லை என்றால் சேலத்திலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, கொடுத்த விலை 50 லட்சம் வரை அங்கேயே போடலாம், உங்கள் வண்டி விலைக்குக் கட்டணம் 400 ரூபாய்தான். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் இருக்கிற ஊரில் வழக்குப் போடலாம் என்பது இந்தப் புதுச் சட்டத்தில் வந்த பெரிய நன்மை. ஆனால் ஷோரூமில் வாயால் சொன்னதை அங்கே நிரூபிப்பது கஷ்டம், தாளில் இருந்தால் தெம்பாக நிற்கலாம்.

திறந்து தருவார்களா என்று கேட்டீர்கள். தருகிறேன் என்று சொல்கிற ஆட்கள் இருக்கிறார்கள். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா வண்டிகளில் விசிடிஎஸ் என்கிற சாஃப்ட்வேரை வைத்துச் சின்னச் சின்ன வசதிகளைக் கோடிங் செய்து திறப்பது நம் நாட்டில் ரொம்ப நாளாக நடப்பதுதான், சாவி போட்டதும் மீட்டர் முள் ஒரு சுற்று ஏறி இறங்குவது, வளைவில் திரும்பும்போது அந்தப் பக்கத்து ஃபாக் லைட் எரிவது மாதிரி. நானும் செய்திருக்கிறேன். அதெல்லாம் கம்பெனியே உள்ளே விட்டு வைத்த செட்டிங். சந்தாப் பூட்டு அப்படி இல்லை, அது உங்கள் சாஸி நம்பரோடு சேர்த்து ரகசியக் குறியீடு போட்டுப் பூட்டியது. 2023-இல் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் டெஸ்லா கம்ப்யூட்டரின் சிப்புக்குப் போகிற மின்னழுத்தத்தை மிகச் சரியான கணத்தில் ஒரு துளி குறைத்து அதை உடைத்துக் காட்டினார்கள், பின் சீட் சூடாக்குகிற பூட்டைக்கூடத் திறக்க முடிந்தது. முடியும் என்பது உண்மை. ஆனால் ஐயாயிரம் கொடுங்கள் திறந்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அடுத்த அப்டேட்டில் பூட்டு திரும்ப விழும், வாரண்டி போகும், நடுவில் ஏதாவது மாட்யூல் செத்துப்போனால் அந்த ஆள் போனை எடுக்க மாட்டார். முக்கியமாகப் பவரைக் கூட்டுவது, பிரேக், ஸ்டியரிங் சம்பந்தமான எதையும் தொட விடாதீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவில் தினமும் இறங்குகிற வண்டி அது.

இப்போது உங்கள் வண்டி. எடுக்கலாம். நீங்கள் சொன்ன மாடலில் சந்தாவுக்குள் போவது ஆப் சம்பந்தப்பட்ட வசதிகள் மட்டும் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஒரு வேலை செய்யுங்கள். டெஸ்ட் டிரைவை ஊருக்குள் ஐந்து ரோடு சந்திப்பைச் சுற்றி முடித்துவிடாதீர்கள், மலை ஏற வேண்டும் என்று கேளுங்கள், அடிவாரம் தாண்டி நாலைந்து வளைவாவது விடுவார்கள். கூட வருகிறவரிடம் சொல்லிவிட்டு உங்கள் போனை ஃபிளைட் மோடில் போடுங்கள், வண்டியின் டேட்டாவை அணைக்கிற செட்டிங் ஸ்கிரீனில் இருந்தால் அதையும் அணையுங்கள். அப்புறம் நீங்கள் காசு கொடுக்கப்போகிற ஒவ்வொரு வசதியையும் போட்டுப் பாருங்கள், சீட் காற்று, கேமரா, க்ரூஸ் (ஆக்சிலேட்டரை மிதிக்காமலே ஒரே வேகத்தில் போவது), மலையில் வண்டி பின்னால் உருளாமல் பிடிக்கிறது, மேப். எது ஓடுகிறதோ அது வண்டிக்குள் குடியிருப்பது, எது நிற்கிறதோ அது சர்வரை நம்பி இருப்பது.

கீழே வந்ததும் புக்கிங் பாரத்திலேயே எழுதிக் கேளுங்கள், எந்தெந்த வசதி எத்தனை வருஷத்துக்கு, அதற்கு அப்புறம் இன்றைய விலையில் எவ்வளவு, கட்டவில்லை என்றால் எவை எவை நின்றுபோகும், வண்டியை விற்றால் வாங்குகிறவருக்கு மாறுமா. நான்கே வரி. விற்பனையாளர் கையெழுத்தும் ஷோரூம் சீலும் வேண்டும். "இதெல்லாம் சிஸ்டத்துல இருக்கு சார்" என்பார்கள், இருக்கட்டும், தாளிலும் இருக்கட்டும் என்று சொல்லுங்கள். ஆப்பில் கார்டு விவரம் கேட்டால் இலவசக் காலம் முடிகிற வரைக்கும் கொடுக்காதீர்கள். எழுதித் தர மறுத்தால் அட்வான்ஸ் கட்டாமல் எழுந்து வாருங்கள், அதே கம்பெனிக்குச் சேலத்தில் இன்னொரு ஷோரூம் இல்லையென்றாலும் ஈரோட்டில் இருக்கும், நாமக்கல்லில் இருக்கும்.

எழுதிக் கொடுத்தார்கள் என்றால் அந்தத் தாளைப் படம் எடுத்து இங்கேயே போடுங்கள் தம்பி, பெயரையும் போன் நம்பரையும் மறைத்துவிட்டு. வரி வரியாகப் பார்த்துச் சொல்கிறேன்.